பணக்கார விதவையின் தபால்பை: அனுதாபம், வாழ்த்து, அப்புறம் ஒரு வேண்டுகோள்

தாழம்பூ:

1906 ஜூலை 22 அன்று ரஸல் சேஜ் என்ற நியூயார்க் பணக்காரர் 89 வயதில் இறந்துபோனார். ரயில்வே பங்குகள், வட்டிக்கடன், தந்தி நிறுவனம் என்று சேர்த்த பணம் 6 கோடி டாலருக்கும் மேல். கஞ்சத்தனத்துக்குப் பெயர்போனவர். வேலை செய்கிறவனுக்கு விடுமுறை எதற்கு என்று 1904-இல் பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். பிள்ளைகள் இல்லை. சொத்தில் பெரும்பகுதி மனைவி மார்கரெட் ஒலிவியா சேஜ் கைக்கு வந்தது. அப்போது அந்த அம்மாளுக்கு 77 வயது.

உயில் விவரம் செய்தித்தாள்களில் வந்ததும் கடிதங்கள் வரத் தொடங்கின. ஆயிரக்கணக்கில், பிறகு பல்லாயிரக்கணக்கில். முதலில் அனுதாபம். 1907-இல் ஒரு கோடி டாலர் போட்டு ரஸல் சேஜ் அறநிறுவனத்தைத் தொடங்கியபோது பாராட்டு. இரண்டோடும் சேர்ந்து எந்நேரமும் வந்துகொண்டிருந்தவை உதவி கேட்ட கடிதங்கள். முன்பின் தெரியாத மனிதர்கள் எழுதியவை.

ஒலிவியா பணத்தில் பிறந்தவர் அல்ல. தகப்பனாரின் வியாபாரம் நொடித்துப்போன வீட்டுப் பெண். டிராய் நகரத்தில் எம்மா வில்லர்டு தொடங்கிய பெண்கள் பள்ளியில் படித்து, 1847-இல் முடித்து, இருபது வருடத்துக்கு மேல் ஆசிரியையாகச் சம்பாதித்துச் சாப்பிட்டவர். 41 வயதில்தான் கல்யாணம், அதுவும் இரண்டாம் தாரமாக. வாடகைக்கும் துணிக்கும் கணக்குப் பார்க்கிற வாழ்க்கை அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் கடைசியில் எடுத்த முடிவு, தனி மனிதர்களின் விண்ணப்பத்துக்குப் பணம் அனுப்புவதை விட, வறுமை ஏன் வருகிறது என்று ஆராய்ந்து அதன் காரணத்தைக் களைய ஓர் அமைப்பை நிறுவுவது. அவருடைய வழக்கறிஞர் ராபர்ட் டி ஃபாரெஸ்ட் சொன்ன வழி அது.

மூன்று வருடம் கழித்து இன்னொரு பெண். யூனியன் பசிபிக் ரயில்வேயைக் கையில் வைத்திருந்த எட்வர்டு ஹாரிமன் 1909 செப்டம்பரில் இறந்தார். நூறு சொற்களுக்குள் அடங்கிய ஓர் உயில், எல்லாம் மனைவி மேரி ஹாரிமனுக்கு. அவருக்கும் கடிதங்கள் மழையாகப் பொழிந்தன. அவர் செய்தது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. அந்தக் கடிதங்களை அள்ளி நியூயார்க் நகராட்சி ஆய்வு மையத்தின் வில்லியம் ஆலன் என்பவரிடம் கொடுத்தார். ஆறாயிரம் கடிதங்களைப் பிரித்துப் படித்து, யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்று ஆலன் 1912-இல் ஒரு நூல் கொண்டுவந்தார். கொடுப்பவர்களுக்கென்று நாடு முழுமைக்கும் பொதுவான ஒரு தகவல் மையம் வேண்டும் என்பது அவருடைய யோசனை.

என் கேள்வி இதுதான். ஒரு கடிதத்தில் துக்கமும் தேவையும் சேர்ந்து வரும்போது அதைப் பெற்றவர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்? ஒலிவியா செய்தது சரியா?

---

கல்தூண்:

எனக்கு இதில் குழப்பமே இல்லை. புருஷனைப் பறிகொடுத்த வீட்டுக்கு இரண்டு வரி ஆறுதல் எழுதி மூன்றாவது வரியில் பணம் கேட்பது அநாகரிகம். எழவு வீட்டுக்குப் போகிறவர் அங்கே கடன் பேச மாட்டார். அமெரிக்காவானாலும் அதே மனிதர்கள்தான். அந்த அம்மாள் பதில் போடாவிட்டாலும் தப்பே இல்லை.

---

அஞ்சல்பெட்டி:

தபால் துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தத் தலைப்பைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். கல்தூண் தம்பிக்கு ஒரு தகவல். அனுதாபத்தோடு வேண்டுகோளையும் சேர்த்து அனுப்பியவர்களில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே உண்டு.

ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14 அன்று இறந்தார். பத்தே நாளில், டிசம்பர் 24 அன்று, காங்கிரஸ் ஒரு தீர்மானம் போட்டது. தலைநகரில் பளிங்கு நினைவிடம் எழுப்பப்போகிறோம், உடலை அங்கே அடக்கம் செய்யக் குடும்பத்தார் அனுமதி தர வேண்டும் என்று. குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் அந்தத் தீர்மானத்தை இரங்கல் கடிதத்தோடு சேர்த்து மார்த்தா வாஷிங்டனுக்கு அனுப்பினார். கணவரை மவுண்ட் வெர்னன் தோட்டத்துக் கல்லறையில் வைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 31 அன்று அவர் பதில் எழுதினார். சொந்த விருப்பத்தைப் பொது விருப்பத்துக்கு எதிராக நிறுத்தக் கூடாது என்று கணவரிடம் கற்றிருப்பதால் சம்மதிக்கிறேன், இது எனக்கு எவ்வளவு பெரிய தியாகம் என்று சொல்ல வேண்டியதில்லை என்கிற பொருளில் எழுதினார். அந்த நினைவிடமும் எழவில்லை, உடலும் போகவில்லை. இன்றும் மவுண்ட் வெர்னனில்தான் இருக்கிறது.

இதில் தபால்காரனுக்குத் தோன்றும் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் கடிதம் அனுப்புகிறவர் காசு கட்டுவது வழக்கமில்லை, பெரும்பாலும் பெறுகிறவர்தான் கட்ட வேண்டும். ஒரு தாளுக்குத் தூரத்தைப் பொறுத்து 8 முதல் 25 சென்ட் வரை. அதாவது உலகமே அந்த அம்மாளுக்கு ஆறுதல் சொல்ல, ஒவ்வோர் ஆறுதலுக்கும் அவர் காசு கட்ட வேண்டியிருந்தது. 1800 ஏப்ரல் 3 அன்று காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றி, அவருக்கு வருகிற தபாலுக்கும் அவர் அனுப்புகிற தபாலுக்கும் கட்டணம் இல்லை என்றது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவர்களின் விதவைகளுக்கு இந்தச் சலுகை தருவது வழக்கமாகிப்போனது. ஆட்கள் கணவரின் தலைமுடியில் ஓர் இழை கொடுங்கள் என்றுகூட எழுதிக் கேட்டார்கள். செயலாளர் டோபியாஸ் லியர் பதில் எழுத உதவினார்.

நாட்டின் தலைமையே துக்கத்தோடு கோரிக்கையைக் கட்டி அனுப்பலாம் என்றால், வாடகை கட்ட முடியாத ஒருத்தி அனுப்பியதை மட்டும் அநாகரிகம் என்று எப்படிச் சொல்வது?

---

தாழம்பூ:

ஐயா, இந்தத் தகவலுக்கு நன்றி. பெறுகிறவரே காசு கட்டிய சங்கதியை நான் இதோடு சேர்த்து யோசித்ததே இல்லை.

கல்தூண், எழவு வீட்டு உதாரணத்தில் ஒன்றைக் கவனியுங்கள். எழவு வீட்டுக்குப் போகிறவருக்கு அந்த வீட்டோடு உறவோ பழக்கமோ இருக்கிறது. இன்னொரு நாள் வந்து பேசிக்கொள்ளலாம். ஒலிவியாவுக்கு எழுதிய பெண்ணுக்கு இன்னொரு நாள் கிடையாது. அந்த வாசலுக்குள் அவள் நுழையக் காரணமாக அமைந்தது அந்தச் சாவுச் செய்தி ஒன்றுதான்.

---

மேலவீதி:

அக்கா, இந்தக் கடிதங்களை அந்த வருடத்துச் சட்டப் புத்தகத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1906-இல் அமெரிக்காவில் ஒரு தொழிலாளி வேலையில் அடிபட்டுச் செத்தால் அவன் மனைவிக்கு என்ன கிடைக்கும்? வழக்குப் போடலாம். சக தொழிலாளியின் கவனக்குறைவு, செத்தவனின் சொந்தக் கவனக்குறைவு, ஆபத்து தெரிந்தே வேலைக்கு வந்தான் என்று முதலாளி பக்கத்தில் மூன்று வாதங்கள் தயாராக இருக்கும். முதியோர் ஓய்வூதியமும் குடும்பப் பாதுகாப்பும் அடங்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935-இல்தான் வந்தது. பணக்கார விதவைக்குக் கடிதம் எழுதுவது அன்றைக்குப் பிச்சையாகத் தெரிந்திருக்கலாம். எழுதியவருக்கு அது ஓர் அரசு அலுவலகத்துக்கு மனு எழுதுவதற்குச் சமம், அந்த அலுவலகம் இல்லாததால்.

இனி ஒலிவியாவின் பணம் என்ன செய்தது என்று பார்ப்போம். அறநிறுவனம் ஆரம்பித்த கையோடு பிட்ஸ்பர்க் ஆய்வு என்ற பெரிய கணக்கெடுப்புக்குப் பணம் கொடுத்தது. எஃகு ஆலைகள் நிறைந்த அந்த ஊரில் கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்ற இளம் பெண் வழக்கறிஞர் வேலையிடச் சாவுகளை எடுத்துக்கொண்டார். அலிகெனி மாவட்டத்தில் 1906 ஜூலை முதல் ஒரே வருடத்தில் 526 பேர் வேலையில் செத்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமாகத் தேடிப் போய், யார் மிஞ்சினார்கள், முதலாளி எவ்வளவு கொடுத்தார், இப்போது எதைத் தின்கிறார்கள் என்று விசாரித்து எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குக் கிடைத்தது நூறு டாலரோ அதற்கும் குறைவோ. சிலருக்கு ஒன்றுமே இல்லை. அந்த நூல் 1910-இல் வந்தது. அதே ஈஸ்ட்மன் நியூயார்க் மாநிலத்தின் இழப்பீட்டு ஆணையத்துக்குச் செயலாளராக இருந்தார். 1910-இல் நியூயார்க் இயற்றிய சட்டத்தை 1911-இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. மாநில அரசியல் சட்டத்தையே திருத்தி, 1914-இல் மறுபடி கொண்டுவந்தார்கள்.

கவனியுங்கள், ரஸல் சேஜ் இறந்த அதே ஜூலையில்தான் ஈஸ்ட்மனின் கணக்கு தொடங்குகிறது. அந்த வருடம் பிட்ஸ்பர்க்கில் புருஷனை இழந்த ஒருத்தி நியூயார்க்கில் புருஷனை இழந்த பணக்காரிக்கு எழுதியிருந்தால், அந்தக் கடிதத்துக்கு 20 டாலர் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பணம் சட்டமாக மாறியபோது, அவளுக்குப் பின்னால் வந்த யாரும் அப்படிக் கடிதம் எழுத வேண்டிய தேவை குறைந்தது. நான் ஒலிவியா பக்கம்.

---

கல்தூண்:

மேலவீதி சொல்வதோடு ஒத்துப்போகிறேன். மோசடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடிதப் பிச்சை அந்தக் காலத்தில் ஒரு தொழில். லண்டனில் 1818-இலேயே பிச்சையை ஒடுக்கும் சங்கம் ஒன்று ஏற்பட்டு, உதவி கேட்டு வரும் கடிதங்களை விசாரிக்கத் தனிப் பிரிவே வைத்திருந்தது. ஒரே ஆள் மூன்று பெயரில் மூன்று விதவையாக எழுதுவான்.

சேஜ் குடும்பம் பயப்படக் காரணமும் இருந்தது. 1891 டிசம்பர் 4 அன்று ஹென்றி நார்கிராஸ் என்பவன் ரஸல் சேஜின் அலுவலகத்துக்குள் வந்து ஒரு கடிதத்தை நீட்டினான். 12 லட்சம் டாலர் வேண்டும், இல்லாவிட்டால் கையில் உள்ள வெடிமருந்து வெடிக்கும் என்று. வெடித்தது. நார்கிராஸ் அங்கேயே செத்தான். சேஜ் தப்பினார். அந்த நேரத்தில் உள்ளே வந்த வில்லியம் லெயிட்லா என்ற எழுத்தரைச் சேஜ் தன் முன்னால் இழுத்து நிறுத்திக்கொண்டார் என்று லெயிட்லா வழக்குத் தொடர்ந்தார். அப்படி ஒரு நாளுக்குப் பிறகு, பணம் கேட்டு வரும் கடிதத்தை அந்த வீட்டில் எப்படித் திறந்திருப்பார்கள்?

---

தாழம்பூ:

லெயிட்லா கதையை முடித்துவிடுங்கள் கல்தூண். ஊனமாகிப்போன அவருக்கு 40,000 டாலருக்கு மேல் கொடுக்கச் சொல்லி ஜூரி தீர்ப்புச் சொன்னது. சேஜ் மேல்முறையீடு செய்துகொண்டே போனார். 1899-இல் உயர் மன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஒரு பைசா கொடுக்கவில்லை. அந்த மனிதரின் பணம்தான் ஒலிவியா கைக்கு வந்தது. அவருக்கு எழுதியவர்கள் பலர் இந்தச் செய்திகளை வாசித்தவர்கள். கணவர் மூடி வைத்த கையை மனைவி திறப்பார் என்ற நம்பிக்கை அந்தக் கடிதங்களுக்குப் பின்னால் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

---

சுமைதாங்கி:

நான் ஒரு கல்வி அறக்கட்டளையில் வருகிற விண்ணப்பங்களைப் படித்து வகைப்படுத்தும் வேலையில் இருக்கிறேன். எங்களுக்கு நிதி தருபவர்களில் ஒருவர் கணவரை இழந்த அம்மா. அவர் பெயருக்கு நேரடியாக வருகிற கடிதங்களும் என் மேசைக்குத்தான் வரும். அதனால் கொஞ்சம் விரிவாக எழுத விடுங்கள்.

இந்தக் கடிதங்களுக்கு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. முதல் பத்தி அனுதாபம். அதில் பெரும்பாலும் இறந்தவரைப் பற்றிய ஒரு சின்ன ஞாபகம் இருக்கும். எங்கோ ஒரு விழாவில் பார்த்தோம், ஒரு தடவை கை குலுக்கினார், அவர் கம்பெனியில் என் சித்தப்பா வேலை பார்த்தார். இரண்டாம் பத்தி வாழ்த்து. நீங்கள் கட்டிய பள்ளியைப் பற்றிப் பத்திரிகையில் பார்த்தோம், உங்கள் மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்ததாகக் கேள்விப்பட்டோம். மூன்றாம் பத்தியில் எழுதுகிறவர் தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். நான்காவதில்தான் தொகை. தொகை வரும் இடத்தில் கையெழுத்து மாறும், எழுத்து சிறுத்துவிடும். இதைப் பலமுறை கவனித்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் இருந்த மேலாளர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, முதல் இரண்டு பத்தியைத் தள்ளிவிட்டு மூன்றாவதிலிருந்து படி என்று. நான் அப்படிச் செய்வதில்லை. முதல் பத்தியில்தான் எழுதியவர் யார் என்று தெரியும். கணவர் செத்த பிறகு கதவைத் தட்டும் ஒவ்வொரு சத்தமும் அவர் வந்ததுபோலவே இருக்கும் என்று ஒரு பெண் எழுதியிருந்தார். அதை யாரும் காசுக்காகக் கற்பனை செய்ய முடியாது. அந்த அம்மாவிடம் அந்தக் கடிதத்தைத் தனியாக எடுத்துக் கொடுத்தேன். அவர் அதற்குத் தன் கையாலேயே பதில் எழுதினார். உதவித்தொகை எங்கள் விதிப்படி கிடைக்கவில்லை, அது வேறு விஷயம். பதில் போனது.

கல்தூண் அண்ணா, துக்கத்தையும் பணத்தையும் ஒரே தாளில் எழுதுவது நடிப்பு என்று நினைக்காதீர்கள். ஏழை வீட்டில் அவை இரண்டும் ஒரே நாளில்தான் வரும். சவத்தை எடுத்த மறுநாளே வாடகை நிற்கும். பணக்கார வீட்டில்தான் துக்கத்துக்குத் தனியாக ஒரு வருடம் ஒதுக்க முடியும். அந்தக் காலத்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வசதியானவர்கள் கறுப்புக் கரை போட்ட தாளில் எழுதுவார்கள். துக்கம் பழசாக ஆகக் கரையின் அகலம் குறைந்துகொண்டே வரும். அந்தத் தாளை வாங்கவே காசு வேண்டும்.

---

கல்தூண்:

கதவு தட்டும் வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அநாகரிகம் என்ற சொல்லை விட்டுவிடுகிறேன். பதில் போட வேண்டிய கடமை உண்டா என்பதில் மட்டும் இன்னும் என் பழைய எண்ணம்தான்.

---

கரிசல்மண்:

எல்லோரும் ஒலிவியாவையே பேசுகிறீர்கள். மேரி ஹாரிமன் கதையின் மற்ற பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

நல்லது முதலில். 1910-இல் பத்தாயிரம் ஏக்கர் நிலமும் பத்து லட்சம் டாலரும் நியூயார்க் மாநிலத்துக்குக் கொடுத்தார். ஹட்சன் ஆற்றுப் பக்கம் பேர் மவுண்டன் என்ற மலையை அடுத்து இன்றும் லட்சக்கணக்கானவர்கள் போய்வரும் ஹாரிமன் மாநிலப் பூங்கா அப்படி வந்தது. 1911-இல் அரசு ஊழியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளிக்குப் பணம் கொடுத்தார். கடிதங்களை ஆராய்ந்த அதே ஆய்வு மையத்தில்தான் அந்தப் பள்ளி நடந்தது. பிறகு அதன் வாரிசாக 1924-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ்வெல் பள்ளி உண்டானது.

ஆனால் அதே 1910-இல் சார்லஸ் டேவன்போர்ட் என்ற உயிரியலாளரும் அவரிடம் வந்தார். கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் இனமேம்பாட்டுப் பதிவகம் என்ற ஒன்றைத் தொடங்கப் பணம் கேட்டார். வறுமை, குற்றம், மனநலக் குறைவு எல்லாம் பரம்பரையில் வருகிறது, குடும்பங்களைப் பதிவு செய்து 'தகுதியற்றவர்கள்' பிள்ளை பெறாமல் தடுத்தால் தர்மத்துக்கே வேலை இருக்காது என்பது அந்தக் கூட்டத்தின் வாதம். மேரி ஹாரிமன் தாராளமாகக் கொடுத்தார். பல வருடம் அந்தப் பதிவகம் பெரும்பாலும் அவர் பணத்தில் ஓடியது. அதன் கண்காணிப்பாளர் ஹாரி லாஃப்லின் கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு மாதிரி வரைவு எழுதினார். வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண்ணின் வழக்கில், அவளை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல், அவள் குடும்பமே குறையுள்ளது என்று சாட்சியம் எழுதி அனுப்பினார். 1927-இல் உச்ச நீதிமன்றம் கருத்தடைக்கு அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டில் இப்படிக் கருத்தடைக்கு ஆளானவர்கள் 60,000 பேருக்கும் மேல்.

யோசித்துப் பாருங்கள். ஆறாயிரம் பேர் கையால் எழுதி, என் நிலைமை இது என்று சொன்ன கடிதங்கள் ஒரு பக்கம். ஏழைகளைப் பற்றி அவர்கள் சொல்லாததை அறிவியல் என்ற பெயரில் சொன்ன ஓர் ஆள் இன்னொரு பக்கம். பெரிய பணம் போனது இரண்டாவது ஆளிடம். மேலவீதி சொல்வதுபோல் காரணத்தைக் களைவது உயர்ந்ததுதான். எது காரணம் என்று முடிவு செய்தது யார் என்பதில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

---

மேலவீதி:

கரிசல்மண், இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. நேர்மையாக இருக்க வேண்டும் என்றால் என் பக்கத்திலிருந்தே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1911-இல் இல்லினாய் மாநிலம் பிள்ளைகளோடு தவிக்கும் தாய்மாருக்கு அரசு உதவித்தொகை தரும் சட்டத்தைக் கொண்டுவந்தது. மாநிலம் மாநிலமாக அது பரவியது. பெரும்பாலும் விதவைகளுக்கான உதவி அது. அதை எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் ரஸல் சேஜ் அறநிறுவனத்தின் மேரி ரிச்மண்ட். சமூகப் பணியை ஒரு கல்வித்துறையாக ஆக்கியவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர். அரசுப் பணம் வந்தால் குடும்பத்தைத் தனித்தனியாக விசாரித்து உதவும் முறை கெட்டுவிடும், அரசியல் புகுந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினார். ஒரு விதவை தொடங்கிய நிறுவனத்திலிருந்து விதவைகள் உதவித்தொகைக்கு எதிர்ப்பு! அந்த விதவைகள் எழுதியனுப்பிய கடிதங்கள் அதே நிறுவனத்தின் பெயருக்கு வந்துகொண்டிருந்தபோதே.

---

வேலங்காடு:

இந்தப் பேச்சில் நம் பக்கத்து ஊர்க்கதை ஒன்றுக்கு இடம் இருக்கிறது. வேலூர் மருத்துவமனை பிறந்ததும் நியூயார்க் பணத்தில்தான். ஐடா ஸ்கடர் 1899-இல் மருத்துவப் பட்டம் வாங்கியதும், வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்டப் பணம் திரட்டினார். கடிதம் எழுதி உட்கார்ந்திருக்கவில்லை. டேபர் என்ற அம்மாளின் வீட்டுக்கு நேரே போய்ப் பேசினார். அதே வீட்டில் இருந்தவர் அவருடைய சகோதரியின் கணவர், வங்கித் தலைவர் ஷெல், மனைவியை இழந்தவர். ஐடா பேசியது அவர் காதில் விழுந்தது. கூப்பிட்டு விசாரித்தார். இறந்த மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கையோடு திறந்தது.

இங்கே துக்கமும் கோரிக்கையும் சேர்ந்ததால்தான் காரியம் நடந்தது. மனைவியின் பெயர் நிலைக்க ஓர் இடம் அவருக்கும் வேண்டியிருந்தது. கேட்டவரால் கொடுத்தவரும் ஒன்றைப் பெற்றார்.

---

தாழம்பூ:

ஒலிவியாவும் அப்படித்தான் வேலங்காடு. கணவரின் பெயரை அறநிறுவனத்துக்கு வைத்தார், 1916-இல் டிராய் நகரத்தில் தொடங்கிய பெண்கள் கல்லூரிக்கும் வைத்தார். விடுமுறை கூடாது என்ற மனிதரின் பெயர் இன்று சமூக அறிவியல் ஆராய்ச்சியின் பெயராகிவிட்டது. தான் படித்த எம்மா வில்லர்டு பள்ளிக்கும் புது வளாகம் கட்டிக் கொடுத்தார். தெரியாதவர்களின் கடிதங்களைவிடத் தன் பழைய வாழ்க்கையில் இருந்த இடங்களுக்கு அவர் அதிகம் செவிகொடுத்ததாகத் தோன்றுகிறது.

---

சுமைதாங்கி:

பணக்கார விதவை என்று வெளியே தெரிந்தவர் உள்ளே எப்படி இருந்தார் என்பதற்கு, கணவரோடு சேர்ந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை நிறுவிய ஜேன் ஸ்டான்ஃபோர்டைச் சொல்ல வேண்டும். 1893 ஜூனில் கணவர் லேலண்ட் இறந்ததும் சொத்து முழுவதும் நீதிமன்றத்தில் முடங்கியது. ரயில்வே கடனுக்காக அமெரிக்க அரசே 1.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. வீட்டுச் செலவுக்கு மாதம் பத்தாயிரம் டாலர் மட்டும் நீதிபதி அனுமதித்தார். அந்தப் பணத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியர்களைத் தன் வீட்டு ஊழியர்கள் கணக்கில் காட்டிச் சம்பளம் கொடுத்தார். 1896-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லும்வரை இப்படி. ஒரே மகனை 15 வயதில் டைஃபாய்டில் இழந்து, அவன் பெயரில் கட்டிய பல்கலைக்கழகத்தை மூடாமல் காப்பாற்ற நகையை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தவர். கடிதம் எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை.

---

அஞ்சல்பெட்டி:

பதில் போடுவது கடமையா என்ற கல்தூண் தம்பியின் கேள்வி மிச்சமிருக்கிறது. எண்ணிக்கை அதிகம், முடியாது என்பார்கள். 1963 நவம்பரில் கென்னடி கொல்லப்பட்ட பிறகு ஏழு வாரத்துக்குள் ஜாக்குலினுக்கு வந்த இரங்கல் கடிதங்கள் எட்டு லட்சம். 1964 ஜனவரி 14 அன்று தொலைக்காட்சியில் வந்து நன்றி சொன்னார், எல்லாவற்றுக்கும் பதில் அனுப்பப்படும் என்றார். தன்னார்வலர்கள் கூட்டமாக உட்கார்ந்து பிரித்தார்கள், கறுப்புக் கரை போட்ட அட்டைகள் போயின. தபால் செலவு, நான் முன்பு சொன்ன அதே விதவைச் சலுகையில். ஒலிவியாவிடமும் பணம் இருந்தது, ஆள் வைக்க வழி இருந்தது. 'உங்கள் கடிதம் வந்தது, எங்களால் இயலவில்லை' என்று ஒரு அட்டையாவது எல்லோருக்கும் போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நாற்பது வருடம் கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் சொல்கிறேன். தபால்காரன் வரும் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களை எனக்குத் தெரியும்.

---

கல்தூண்:

ஐயா, அட்டை என்றால் ஒத்துக்கொள்கிறேன். தாழம்பூ அக்கா, உங்கள் முடிவு என்ன? கேள்வி கேட்டது நீங்கள்தான்.

---

தாழம்பூ:

பணத்தை ஆராய்ச்சிக்கும் சட்டத்துக்கும் செலவிட்டதில் ஒலிவியா செய்தது சரி. ஈஸ்ட்மனின் நூல் ஒன்றுக்கே அந்த ஒரு கோடி தகும். ஆனால் ஈஸ்ட்மன் ஏன் சரியாகச் சொன்னார் என்று பாருங்கள். 526 சாவுகளின் கதையை ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் எழுதினார். லாஃப்லின் கேரி பக்கை ஒருமுறைகூடப் பார்க்காமல் எழுதினார். கடிதங்களைப் படிக்காமல் காரணத்தைத் தேடுகிறவர்களை நான் நம்ப மாட்டேன். மேரி ஹாரிமன் ஆறாயிரத்தையும் படிக்கக் கொடுத்ததில் பாதி வழி வந்தார். ஆலன் தேடியது எப்படிக் கேட்டால் நன்றாக இருக்கும், எப்படிக் கொடுத்தால் வீணாகாது என்பதை. அந்தக் கடிதங்கள் நாட்டைப் பற்றி என்ன சொல்கின்றன என்ற கேள்வியோடு ஈஸ்ட்மன் மாதிரி ஒருவர் அவற்றைப் படித்திருந்தால் என்று ஆசையாக இருக்கிறது.

ரஸல் சேஜ் அறநிறுவனத்தின் பழைய ஆவணங்கள் நியூயார்க் மாநிலம் ஸ்லீப்பி ஹாலோவில் உள்ள ராக்ஃபெல்லர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் நம் உறுப்பினர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், காப்பகத்தில் எழுதிக் கேட்டு முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். சுமைதாங்கி, உங்கள் மேசையில் சேரும் கடிதங்களை, எழுதியவர்களின் பெயரை நீக்கிவிட்டுப் பாதுகாக்க உங்கள் அறக்கட்டளையில் ஏதாவது வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

---

சுமைதாங்கி:

இப்போது மூன்று வருடத்தில் கிழித்துவிடுகிறார்கள் அக்கா. அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுகிறேன்.